எட்டரை மணி போன்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

எட்டரை ஆகிவிட்டது. போன் வரவில்லை. வராது. போன் செய்கிற ஆள் ஹாலில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த டைரி ஜவுளிக்கடையில் புதுவருடத்துக்குக் கொடுத்தது. பரணில் போடலாம் என்று வைத்திருந்தேன். இன்று கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எடுத்துவிட்டேன். கல்யாணமான வருடத்திலிருந்து, சவுதியில் தம்மாமில் இருந்து அவர் பேசாத ராத்திரி அபூர்வம். முதலில் பக்கத்து வீட்டு லேண்ட்லைனில், பிறகு பட்டன் போனில், அப்புறம் வாட்ஸ்அப்பில். அவர் வேலை பார்த்த பக்காலாவில் – நம் ஊர் மளிகைக்கடைதான் அது – கூட்டம் கொஞ்சம் ஓய்கிற நேரம் நமக்கு எட்டரை மணி. பகல் முழுக்க நடந்ததை அந்த நேரத்துக்காகச் சேர்த்து வைத்திருப்பேன். மீன்காரன் ஏமாற்றியது, மகள் ரிஸானா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, தெருக்குழாய்ச் சண்டை, ஒன்று விடமாட்டேன். அவரும் 'ம்' போட்டுக் கேட்பார். கடைக்கு வந்த ஆட்களின் பேச்சை அதே குரலில் பேசிக் காட்டுவார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

ஜனவரியில் முடித்துவிட்டு வந்துவிட்டார். இனிமேல் போவதில்லை என்று வருகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது, 'முடிச்சுட்டு வந்துட்டாவ' என்று. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு ஆறுமுகத்தாயக்கா ஒரு பந்து மல்லிகைப்பூவோடு வந்து, "அண்ணாச்சி ஒரேயடியா வந்துட்டாவளாமே. இனி உனக்கு என்னம்மா குறை?" என்றாள்.

குறை ஒன்றும் இல்லை. இன்று மீன்காரன் ஏமாற்றினான். அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஹாலுக்குப் போய் நின்றேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்று திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

அவருடைய பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. சுற்றிக் கட்டின கயிறுகூட அப்படியே கிடக்கிறது. காலையில் பெட்டியை வெளியே இழுப்பார். பூட்டைத் திறந்து ஒரு சட்டை, ஒரு கைலி எடுப்பார். திரும்பப் பூட்டி உள்ளே தள்ளுவார். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடியும் அதற்குள்ளேயே வைப்பார். சோப்பு டப்பாவும் அதற்குள்தான். பாத்ரூமில் நான் சோப்பு வைத்திருக்கிறேனே, அது யாருக்காம்?

ஒரே ரூமில் எட்டுப் பேரோடு அடுக்குக் கட்டிலில் படுத்த பழக்கம். புரிகிறது. "பீரோல வைக்கலாமே" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். கேட்டேனே ஒழிய பீரோவிலும் இடம் இல்லை. என் சேலைகள், ரிஸானாவின் பழைய சுடிதார்கள், போர்வைகள் என்று அடைத்துக் கிடக்கிறது.

லாட்ஜில் தங்குகிறவன்கூட இரண்டாம் நாள் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டுவான்.

பிப்ரவரி 18

இன்றைக்குச் சண்டை.

அவருடைய தங்கை ஷஹீராவைப் பார்க்க வாசுதேவநல்லூர் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். அடுப்படிக்குள் நுழைந்தால், யார் வீட்டு அடுப்படி இது? டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன. பெரியது பின்னால், சின்னது முன்னால், பெயர் எழுதின பக்கம் வெளியே பார்த்து, போலீஸ்காரர்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. மேல்தட்டில் இருந்த புளி டப்பா கீழ்த்தட்டில் முதல் ஆளாக நிற்கிறது. இவர் பக்கத்தில் நிற்கிறார், பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"தினமும் எடுக்குறது கைக்கு எட்டுற தட்டுல இருக்கணும் பாத்துக்கோ" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இது உங்க பக்காலா இல்ல. இது என் அடுப்படி. உங்க கடைய அங்கன தம்மாம்லயே விட்டுட்டு வந்தாச்சு" என்றேன்.

சொன்ன வேகம் எனக்கே திக்கென்றது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தேன். இறங்கும்போது தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

இதையே போனில் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அவரும் சிரித்திருப்பார்.

மார்ச் 2

முதல் நோன்பு. பள்ளிவாசலில் இருந்து கஞ்சி வாங்கி வந்தார். மேசையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பேரீச்சம்பழம், வடை, கஞ்சி. பாங்குக்காகக் காத்திருந்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் வடையைப் பார்த்தேன்.

போன வருடம் இதே நேரம் போனில் இருந்தார். அங்கே நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடக்கும். "நீ என்ன திங்கே, சொல்லு, கேட்டாவது வயித்த நிறைச்சுக்கிடுதேன்" என்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு மச்சான் என்பேன்.

இன்றைக்கும் உப்புக் கூடித்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நானும் கேட்கவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், அவர் வந்ததிலிருந்து நான் 'மச்சான்' என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "கேட்டியளா" என்று முகத்தைப் பார்க்காமலே சமாளித்துக்கொண்டிருக்கிறேன். அவரும் 'ரசீதா' என்பதில்லை. "இங்கேரு" என்கிறார். இரண்டு பேரும் புதுமாப்பிள்ளை புதுப்பெண் மாதிரி. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு கூச்சம் இல்லை.

மார்ச் 14

வேலை அதிகம். பேச்சு இல்லை. நோன்பு என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

மார்ச் 31, பெருநாள்

எல்லாரும் வந்தார்கள். கடையநல்லூரில் இருந்து ரிஸானாவும் மாப்பிள்ளையும், வாசுதேவநல்லூரில் இருந்து ஷஹீரா குடும்பம். விடியற்காலையிலேயே இடியாப்பம் பிழிந்து கறியாணக் குழம்பு வைத்துவிட்டேன். மத்தியானத்துக்குப் பிரியாணி. ஆறுமுகத்தாயக்கா வீட்டுக்குத் தூக்குவாளியில் போயிற்று. வீடு கலகலவென்று இருந்தது.

எங்கள் வீட்டில் பெருநாளைக்கு ஒரு வழக்கம் உண்டு. தொழுகை முடிந்து ஆண்கள் வந்ததும், மேசைமேல் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் அவரைக் கூப்பிடுவோம். ஆளாளுக்கு முகத்தை நீட்டி ஸலாம் சொல்வார்கள். ஷஹீரா அழுவாள், அவர் கேலி செய்வார். பிறகு எல்லாரும் நிற்க, நடுவில் யாராவது போனைப் பிடித்துக்கொள்ள, குடும்பப் படம் எடுப்போம். இந்தத் தடவை தொழுகை முடிந்து வந்ததும் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றோம். சொம்பும் இருந்தது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரும் நின்றார். "சரி, சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பாட்டின்போது அவர் எழுந்து எழுந்து மற்றவர்களுக்கு இடம் விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜன்னல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் கழுவும்போது ரிஸானா என் காதருகே, "வாப்பா போன்ல எவ்வளவு பேசுவாவ. இப்ப ஏம்மா வாயே திறக்க மாட்டேங்காவ?" என்றாள். என்னத்தைச் சொல்ல. அலுப்பாக இருக்கும் என்றேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வீடு பொசுக்கென்று ஆகிவிட்டது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தனியாக இருந்த வருடங்களில் பெருநாள் சாயங்காலம் இப்படி நெஞ்சை அடைத்ததில்லை. அப்போதெல்லாம் எட்டரைக்குப் போன் வரும்.

ஏப்ரல் 1

நேற்று சாப்பிட்டு முடித்து எடுத்த படத்தை ஷஹீரா குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறாள். ஆளுக்கு ஆள் இதயம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். பிறகுதான் பார்க்கிறேன் – படத்தில் அவர் இல்லை.

"அண்ணே, உங்க போன்லதான் நல்லா விழும், நீங்க எடுங்க" என்று ஷஹீரா அவரை எதிரே நிறுத்தியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எத்தனையோ வருடப் பெருநாள் படங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவர் முகம் போனுக்குள் சின்னதாக இருக்கும். வீட்டில் இருந்த இந்த வருடம்தான் இல்லை. ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும் ஒரு ராத்திரி கழித்துத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 13

இன்று ஒரு அதிசயம். காலையில் டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன். "இங்கேரு. மெட்ராஸ் போயிட்டு வருவமா? ரெண்டு பேரும். உனக்குக் கடல் காட்டுதேன்" என்றார்.

அவரை அனுப்ப, கூட்டி வர என்று திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன். சென்னை பார்த்ததே இல்லை. அவரோடு தனியாக எங்கேயும் போனதும் இல்லை. லீவில் வந்தால் கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி என்று நாள் ஓடிவிடும். "இந்த வெயில்லயா?" என்றேன். உள்ளே குறுகுறுவென்று இருந்தது.

ஷஹீராவிடம் போனில் சொன்னேன். "ஹனிமூனா மதினி?" என்று கத்தினாள். சும்மா இரு என்று திட்டினேன். பிறகு கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். நரைக்கு மருதாணி போட வேண்டும்.

ஏப்ரல் 24, பொதிகை எக்ஸ்பிரஸ்

ரயிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு நாளாக எவ்வளவு மும்முரமாகப் பெட்டி கட்டினேன்! எலுமிச்சை ஊறுகாயை மூன்று கவருக்குள் போட்டு டேப் ஒட்டினேன். இட்லிப் பொடி, முறுக்கு, எண்ணெயில் சுருள வறுத்த கறி. அவர் சட்டைகள், கைலிகள், மாத்திரை. மூடி, உட்கார்ந்து அழுத்தி, கயிறு சுற்றி, மார்க்கரால் அவர் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் எழுதி – எல்லாம் சுத்தம். ஆட்டோ வந்தது. வீட்டைப் பூட்டினேன். ஏறினேன்.

ராஜபாளையம் தாண்டி, முகம் கழுவலாம் என்று துண்டுக்காகக் குனிந்தேன். சீட்டுக்கு அடியில் ஒரே ஒரு பெட்டி. அவரும் குனிந்து பார்த்தார்.

"உன் பை எங்க?"

என் பையா? எனக்கு ஒரு சேலை, ஒரு ஜாக்கெட், ஒரு சீப்பு, ஒன்றுமே எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. பெட்டி கட்டினால் அவர் போவார், நான் வாசலில் நிற்பேன். இத்தனை வருடமாகக் கைக்குத் தெரிந்தது அதுதான். கை அதைச் செய்துவிட்டது.

எதிர்சீட்டு அம்மா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் பெட்டியின் மேல் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 25, சென்னை

திருவல்லிக்கேணியில் லாட்ஜ். பள்ளிவாசல் பக்கம், சாப்பாட்டுக்கும் வசதி. கட்டின சேலையோடு வந்தவளுக்குத் துணி எடுக்க மத்தியானம் தி.நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் அவர் ஒரு நைட்டியைத் தூக்கிக் காட்டி, "இது உனக்குச் சரியா இருக்கும்" என்றார். ரிஸானா பிறப்பதற்கு முன்னால் எனக்குச் சரியாக இருந்திருக்கும். அங்கேயிருந்து அவர் அனுப்புகிற துணி எல்லாம் ஏன் எப்போதும் ஷஹீரா மகளுக்குப் போயிற்று என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் மனதில் நான் இன்னும் அந்த அளவில்தான் இருக்கிறேன் போல. சந்தோஷப்படுவதா, என்ன செய்வது?

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம். தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. ஒரு பாத்திரக்கடைப் படியில் ஏறி நின்றேன். கூட்டத்தில் அவர் தலையைத் தேடினேன். அப்போது போன் அடித்தது.

"ரசீதா, எங்க நிக்கே?"

"பாத்திரக்கடை வாசல்ல."

"இங்கன பூரா பாத்திரக்கடையால்லா இருக்கு. பயந்துட்டியா?"

"நான் எதுக்குப் பயப்பட? தொலைஞ்சு போனது நீங்கதான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு! ஜனவரியில் இருந்து நான் கேட்காத சிரிப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காதோடு சேர்த்துப் போனை அழுத்திக்கொண்டேன்.

"ரசீதா. ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்ல வரல."

"சொல்லுங்க மச்சான்." தானாக வந்துவிட்டது.

"முதலாளியோட தம்பி அங்கன ஜுபைல்ல புதுக்கடை போடுதாரு. என்னையத்தான் கூப்பிடுதாரு. விசா ரெடியா இருக்கு. நாளைக்கு இங்கன மெடிக்கல்."

அப்போது அவரைப் பார்த்துவிட்டேன். தெருவின் அந்தப் பக்கம், ஜூஸ் கடை ஓரம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காதைக் கையால் பொத்தியபடி நிற்கிறார். நாலு எட்டு வைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் போகவில்லை. போனால் பேச்சு நின்றுவிடும்.

"இதுக்குத்தான் கடல் காட்டக் கூட்டிட்டு வந்தியளா?"

"கடலும் காட்டுதேன்."

"வீட்ல என்ன குறை மச்சான்? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. நீ நல்லாத்தான் பாக்கே. எனக்குத்தான் அங்கன உக்கார இடம் தெரிய மாட்டேங்கு. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நான் எங்க உக்காந்தாலும் உன் நடைவழியில உக்காந்த மாதிரியே இருக்கு. நேத்து ரயில்ல அந்தப் பெட்டியப் பாத்தேன். நீ என்னைய அனுப்பத்தான் பழகியிருக்கே ரசீதா. அது உன் தப்பு இல்ல."

போகாதிய. ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் நின்றது. "உங்க இஷ்டம்" என்றேன்.

எப்போதும் சொல்வது அதுதான். இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டுமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

போனை வைத்த பிறகு கையை ஆட்டினேன். வந்தார். மறுபடியும் இரண்டு பேரும் ஊமை. சரியான அளவில் ஒரு நைட்டி, இரண்டு சுடிதார் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

ஏப்ரல் 26

மெடிக்கல். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம். வெளியே பெஞ்சில் இளவட்டப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் இவர் நரைத்த தாடியோடு டோக்கனைப் பிடித்துக்கொண்டு.

அன்ஃபிட் என்று வந்துவிடட்டும் யா அல்லாஹ் என்று துஆ கேட்டேன். உடனே பயந்துபோய் வாபஸ் வாங்கினேன். அவர் உடம்புக்கு ஒன்றும் வேண்டாம், மெஷின் மட்டும் கெட்டுப்போகட்டும் என்று திருத்திக் கேட்டேன்.

சாயங்காலம் மெரினா. சொன்னபடி கடலைக் காட்டிவிட்டார். பெரிதாகத்தான் இருக்கிறது. சுண்டல் வாங்கித் தின்றோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கட்டுமா?" என்று போனைக் கேட்டாள். எழுந்து நின்றோம். "இன்னும் கிட்ட வாங்க அங்கிள்" என்றாள். அவர் அரை அடி நகர்ந்தார். படத்தைப் பார்த்தேன். எங்கள் நடுவில் இன்னும் ஒரு ஆள் நிற்கலாம். ஆனாலும் நாங்கள் இருவரும் இருக்கிற படம் அது ஒன்றுதான். அழிக்கவில்லை.

ஏப்ரல் 29

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பீரோவின் நடுத்தட்டைக் காலி செய்தேன். பழைய சுடிதார்களை மூட்டை கட்டினேன். தட்டைத் துடைத்து, புதுப் பேப்பர் விரித்து, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்துக்கொண்டே நின்றார். "இப்ப எதுக்கு? திரும்பக் கட்ட வேண்டியதுதானே" என்றார்.

தட்டு காலியாக இருக்கிறது. அதில் மறுபடியும் எதையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மே 3

ஃபிட்.

மே 11

ஷஹீரா வந்திருந்தாள். அண்ணன் மறுபடியும் போகிறார் என்றதும் அடுப்படியில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பாவ மதினி. ஏன் சொல்ல மாட்டேங்கிய?"

சொல்லி, அவர் நிற்காமல் போய்விட்டால்? அதற்குப் பிறகு எட்டரை மணிக்கு நான் எந்த வாயோடு பேசுவேன்? அதை அவளிடம் சொல்லவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்கக் காரணம் இருந்தது.

மே 14

போய்விட்டார். திருவனந்தபுரம் வரை காரில் போனேன். செங்கோட்டை தாண்டி மலையில் ஏறும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏர்போர்ட் வாசலில் தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றினார். கயிறு, கொட்டை எழுத்து, எல்லாம் என் கைவேலை. இந்தத் தடவை நான் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன்.

கண்ணாடிக்கு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினேன்.

மே 15

எட்டரைக்குப் போன் வந்தது. "ரசீதா, சாப்பிட்டியா?" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். ஏர்போர்ட்டில் என் ஊறுகாயை மோந்து பார்த்த அதிகாரி மாதிரி பேசிக் காட்டினார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். போனை வைத்த பிறகு அழுகையாக வந்தது.

மே 17

இன்று குழம்புக்குப் புளி எடுக்க ஸ்டூலில் ஏறினேன். கையைத் தூக்கியதும் தோள்பட்டையில் சுரீர் என்றது. 'தோள் வலிக்கு மச்சான், கையத் தூக்க முடியல' என்று எத்தனை நாள் போனில் புலம்பியிருப்பேன்! அதைக் கேட்டு வைத்திருந்த மனுஷன்தானே புளி டப்பாவைக் கீழே இறக்கி வைத்தார்? கைக்கு எட்டுற தட்டு என்றாரே, அது என் கைக்கு. என் கைக்குத்தான்!

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, புளி, மல்லி, மிளகாய்த்தூள் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, அன்றைக்கு அவர் வைத்திருந்த மாதிரியே எல்லாவற்றையும் வைத்தேன். பெயர் எழுதின பக்கம் வெளியே பார்க்க.

ராத்திரி போனில் எல்லாம் பேசினோம். இதை மட்டும் சொல்லவில்லை.

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்

டைரியைத் தொட்டு நாளாகிவிட்டது. சொல்லுவதற்கு ஆள் இருக்கும்போது எழுதுவானேன்.

அங்கே நேற்றே பெருநாள். இங்கே இன்று. எல்லாரும் வந்தார்கள். தொழுகை முடிந்ததும் யாரும் சொல்லாமலே ரிஸானா தண்ணீர்ச் சொம்பை நடுவில் வைத்து, போனைச் சாய்த்தாள். அவர் முகம் வந்ததும் வீடே ஹோ என்று எழுந்தது. ஷஹீரா அழுதாள். அவர் கேலி செய்தார். படம் எடுத்தோம். போனை நான்தான் பிடித்துக்கொண்டேன். படத்தில் அவர் இருக்கிறார், சின்னதாக, என் நெஞ்சுக்கு நேராக.

எல்லாரும் போன பிறகு எட்டரைக்கு மறுபடியும் போன். குர்பானிக் கறி பங்கு வைத்தது, ஆறுமுகத்தாயக்காவுக்கு வழக்கம்போலத் தனியாகக் கோழி பொரித்துக் கொடுத்தது, மாப்பிள்ளை இரண்டு தடவை பிரியாணி வாங்கியது எல்லாம் சொன்னேன். "அப்புறம்?" என்றார். எப்போதும் அப்படிக் கேட்பார். எப்போதும் நான் "அவ்வளவுதான்" என்பேன்.

"புளி டப்பா நீங்க வச்ச தட்டுலதான் இருக்கு மச்சான்" என்றேன். "எல்லா டப்பாவும் அப்படியேதான் இருக்கு. ஸ்டூல மேல பரண்ல போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ அரபியில் என்னவோ கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "வந்துருங்க மச்சான். வந்து என் நடைவழியிலயே உக்காருங்க. நான் சுத்திப் போய்க்கிடுதேன்."

கண்ணைத் திறக்காமலே போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"இங்கன வந்து இன்னும் பெட்டியப் பிரிக்கல ரசீதா" என்றார்.